டாங்கிகளின் காலம் முடிந்துவிட்டதா? அசல் உத்தர் முதல் உக்ரைன் வரை

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சியில், மஃரிபு தொழுகை முடிந்த பிறகு பள்ளிவாசல் திண்ணையில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பது எங்கள் வழக்கம். அண்மையில் ஒரு நாள் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு காட்சி. சின்னஞ்சிறு ட்ரோன் ஒன்று வயல்வெளியில் நிற்கும் டாங்கியின் மேல்மூடியை நோக்கி இறங்குகிறது. சில நொடிகளில் டாங்கியின் மேற்பகுதி தீப்பிழம்போடு தனியே கழன்று பறக்கிறது.

“ஹஜ்ரத், சில ஆயிரம் ரூபாய் ட்ரோன் கோடிக்கணக்கான ரூபாய் டாங்கியை முடிச்சிடுது. அப்புறம் எதுக்கு நம்ம ஆவடியில இன்னும் டாங்கி செய்யறாங்க?” என்று கேட்டார் தம்பி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, “உள்ளே இருந்தவங்க என்ன ஆனாங்க?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கேள்விகளுக்கும் அன்று திண்ணையில் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

வேகம் எதற்காக?

கவச வாகனங்களைக் கொண்டு மின்னல் வேகத்தில் தாக்கும் உத்தி 1940 மே மாதத்தில் உலகை அதிர வைத்தது. ஜெர்மானியப் படை ஆறே வாரங்களில் பிரான்சை வீழ்த்தியது. பிரான்சிடம் டாங்கிகள் இல்லாமல் இல்லை. எண்ணிக்கையிலும் கவசத்தின் தடிமனிலும் பிரெஞ்சு டாங்கிகள் சளைத்தவையும் அல்ல. ஆனால் ஜெர்மானியர்கள் தங்கள் டாங்கிகளை ஓரிடத்தில் குவித்தார்கள். வானொலித் தொடர்பும் விமானப்படையும் காலாட்படையும் அவற்றோடு ஒன்றாக இயங்கின. செடான் நகருக்கு அருகே மியூஸ் ஆற்றைக் கடந்து, பிரெஞ்சுப் படையின் முதுகுப்புறம் போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சுத் தளபதிகள் ஒரு நிலைமைக்கு முடிவெடுப்பதற்குள் அந்த நிலைமையே மாறிப்போனது.

இந்த உத்தியின் உயிர்நாடி அதுதான். எதிரியின் டாங்கிகளை எண்ணி எண்ணி அழிப்பது இதன் நோக்கம் அல்ல. எதிரியின் தலைமை, தகவல் தொடர்பு, உணவு, எரிபொருள் ஆகியவை இருக்கும் பின்புலத்தில் பாய்ந்து, போரிடும் மனநிலையையே குலைப்பது இதன் நோக்கம்.

இதன் வேர்கள் மிகப் பழையவை. யர்மூக் போரில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் குதிரைப்படைப் பிரிவு ஒன்றைத் தனியே கையிருப்பில் வைத்திருந்து, தம் அணி எங்கே தளர்கிறதோ அங்கே விரைந்து பாய்ந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஹிஜ்ரி 5-இல் மதீனாவைச் சூழ்ந்த எதிரிகளின் குதிரைப்படையை, ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி வெட்டப்பட்ட ஓர் அகழ் தடுத்து நிறுத்தியது. பாய்ந்து வரும் படைக்கும் அதைத் தடுக்கும் எளிய வழிக்கும் இடையிலான போட்டி அன்றிலிருந்தே நடந்து வருகிறது. ட்ரோன் அதில் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.

அசல் உத்தர்: ஜீப்பும் பேட்டனும்

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பாடம் 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் கிடைத்தது. பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவு அமெரிக்காவின் பேட்டன் டாங்கிகளோடு எல்லையைக் கடந்தது. பியாஸ் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து, அமிர்தசரஸைத் துண்டிப்பது திட்டம். அன்றைய கணக்கில் பேட்டன் உலகின் முன்னணி டாங்கிகளில் ஒன்று. எதிரே இருந்த இந்திய டாங்கிகளில் பல, இரண்டாம் உலகப் போர் காலத்து ஷெர்மன்கள்.

இந்தியத் தரப்பு பின்வாங்கி, அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவத்தில் அணிவகுத்தது. கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பிரிகேடியர் தியாகராஜ் தலைமையிலான கவசப் படையணி வயல்களுக்குள் மறைந்து காத்திருந்தது. வேகமாக வந்த பேட்டன்கள் சேற்றில் வேகம் இழந்தன. சுற்றிலும் இருப்பவர்கள் யார், எங்கிருந்து சுடுகிறார்கள் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 10 காலை சீமா கிராமத்துக்கு முன்னே பேட்டன் அணி ஒன்று பாய்ந்து வந்தது. நான்காவது கிரனேடியர்ஸ் பட்டாலியனைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, பின்னுதைப்பு இல்லாத பீரங்கி ஒன்றைப் பொருத்திய திறந்த ஜீப்போடு பக்கவாட்டில் நகர்ந்தார். முன்னே வந்த டாங்கியைச் சுட்டு வீழ்த்தினார். சுட்ட இடத்தில் நிற்காமல் உடனே இடம் மாறி இன்னொன்றைத் தீக்கிரையாக்கினார். அதற்குள் எதிரி அவரைக் கண்டுகொண்டு குண்டுமழை பொழிந்தான். அவர் மற்றொரு டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது வெடிகுண்டு தாக்கி உயிர்நீத்தார். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுபூர் கிராமத்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 32. அவருக்கு வழங்கப்பட்ட பரம்வீர் சக்ரா விருதை 1966 குடியரசு நாளன்று அவருடைய மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார்.

இந்தியத் தரப்புக் கணக்குப்படி அந்தப் போர்க்களத்தில் பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது. பிடிபட்டவை வரிசையாக நிறுத்திவைக்கப்பட்ட இடத்தை மக்கள் ‘பேட்டன் நகர்’ என்றே அழைத்தார்கள்.

நம் சமுதாய மேடைகளில் அப்துல் ஹமீதின் வீரத்தைப் பேசுகிறோம். அது தேவைதான். ஆனால் அவர் செய்ததை ஒரு போர் உத்தியாகவும் பார்க்க வேண்டும். மறைந்திரு, முதலில் பார், முதலில் சுடு, உடனே இடம் மாறு. மலிவான ஆயுதம் விலை உயர்ந்த கவசத்தை வென்ற அந்த முறையைத்தான் உக்ரைனின் ட்ரோன் குழுக்கள் இன்று பின்பற்றுகின்றன. 1965-இலும் பலர் டாங்கியின் காலம் முடிந்தது என்று எழுதியிருக்கலாம். முடியவில்லை.

நம் படைக்கும் இதே பாடம் கிடைத்தது. அதே செப்டம்பரில் சியால்கோட் பகுதிக்குள் பாய்ந்த இந்தியாவின் முதலாவது கவசப் படைப்பிரிவு ஃபில்லோராவில் வென்றது. ஆனால் சாவிண்டாவில் தடுத்து நிறுத்தப்பட்டது. லெப்டினன்ட் கர்னல் தாராபோர் போன்ற அதிகாரிகளை அங்கே இழந்தோம். எந்த நாட்டுக் கவசமாக இருந்தாலும், தயாராகக் காத்திருக்கும் எதிரிக்கு முன்னே வேகம் மட்டும் உதவாது.

1971: வேகம் வென்ற விதம்

1971 டிசம்பர் 4 இரவு ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல் அரணை நோக்கிப் பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. அரணில் இருந்தது ஒரு கம்பெனி காலாட்படை. டாங்கிகளுக்கு விமானப் பாதுகாப்பு இல்லை. மணலில் சக்கரப் பட்டைகள் புதைந்தன. விடிந்ததும் ஜெய்சால்மரிலிருந்து எழுந்த இந்தியாவின் ஹண்டர் விமானங்கள் அவற்றை ஒவ்வொன்றாக வேட்டையாடின.

அதே நாட்களில் கிழக்கே நேர்மாறான காட்சி. ஆறுகள் நிறைந்த வங்கத்தில் டாங்கிகளை நம்பி வேகமாகப் போக முடியாது. இந்தியப் படை வலுவான நகரங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மேக்னா ஆற்றை ஹெலிகாப்டர்களில் கடந்தது. உள்ளூர் மக்கள் படகு கொடுத்தார்கள், வழி காட்டினார்கள். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரண் ஒப்பந்தம் கையெழுத்தானது. முழுமையான போர் தொடங்கி அப்போது இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. வேகப்போருக்கு டாங்கி ஒரு கருவி. அது இல்லாமலும் வேகப்போர் நடக்கும் என்பதற்கு இது சான்று.

வன்னியின் ஏ-9 சாலை

தமிழ் மண்ணுக்கு மிக நெருக்கமான உதாரணம் இலங்கையில் இருக்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ-9 சாலையைத் திறக்க இலங்கை ராணுவம் 1997 மே 13 அன்று ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையைத் தொடங்கியது. டாங்கிகள், கனரகப் பீரங்கிகள், விமானங்கள் எல்லாம் அதனிடம் இருந்தன. எதிரே இருந்த விடுதலைப் புலிகளிடம் மண் அரண்களும் கண்ணிவெடிகளும் டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களும் இருந்தன. ஒரே சாலையை ஒட்டி நகர்ந்த படை எங்கே வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் போராடியும் இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. பெருமளவு உயிர்ச்சேதத்தோடு 1998 இறுதியில் அந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. பிடித்த பகுதிகளில் பெரும்பாலானவற்றை 1999 நவம்பரில் புலிகள் சில நாட்களிலேயே திரும்பப் பிடித்தார்கள். அவர்களிடம் பெரிய கவசப்படை எதுவும் இல்லை.

1990-இல் வடக்கிலிருந்து நம் முஸ்லிம் சகோதரர்களை இரவோடு இரவாகத் துரத்தியவர்கள் புலிகள். அந்தக் காயத்தை மறந்து யாரையும் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கடைசிக் கட்டப் போரில் இலங்கை ராணுவமும் இதே பாடத்தைக் கற்றுக்கொண்டது. நெடுஞ்சாலையில் டாங்கிகளைக் குவிப்பதை விட்டு, எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களைக் காட்டுக்குள் ஊடுருவ விட்டது. இரண்டு முறையும் நடுவில் சிக்கி வீடிழந்தவர்கள் வன்னியின் ஏழை மக்கள்.

உக்ரைன்: லாரி ஓட்டுநருக்குப் புரியும் போர்

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யா, சில நாட்களில் கீவ் நகரம் விழும் என்று நம்பியது. நடந்தது என்ன? கீவுக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட வாகன வரிசை நகர முடியாமல் நின்றது. நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் டீசல் தீர்ந்தால் அது இரும்புக் குவியல்தான். டி-72 போன்ற ஒரு டாங்கி கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். அதன் பின்னாலேயே எரிபொருள் லாரியும் குண்டு லாரியும் பழுதுபார்க்கும் வண்டியும் வந்தாக வேண்டும். அந்த லாரிகளுக்குக் கவசம் கிடையாது. வயல்கள் சேறாக இருந்ததால் எல்லா வண்டிகளும் தார்ச்சாலையிலேயே அடைந்து கிடந்தன. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளோடு உக்ரைன் வீரர்கள் முன்வண்டியையும் பின்வண்டியையும் அடித்தால் போதுமாக இருந்தது. மார்ச் இறுதியில் ரஷ்யா அங்கிருந்து பின்வாங்கியது.

அப்படியானால் வேகம் செத்துவிட்டதா? அதே ஆண்டு செப்டம்பரில் உக்ரைன் அதற்குப் பதில் சொன்னது. தெற்கே கெர்சோனில் தாக்கப்போவதாக எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டு, வடகிழக்கே கார்கிவ் பகுதியில் ரஷ்ய அணி மெலிந்திருந்த இடத்தில் பாய்ந்தது. டாங்கிகளோடு இலகுரக வாகனங்களும் சேர்ந்து விரைந்தன. பலாக்லியா, குப்பியான்ஸ்க், இசியும் ஆகியவை சில நாட்களில் கைமாறின.

அடுத்த ஆண்டு 2023 ஜூனில் அதே உக்ரைன், ஜெர்மனியின் லெப்பர்ட் டாங்கிகளோடு ஓரிகிவ் அருகே தாக்கியது. இப்போது ரஷ்யா மாதக்கணக்கில் தயாராகி, அடர்த்தியான கண்ணிவெடி வயல்களை விரித்திருந்தது. வெடியகற்றப்பட்ட குறுகிய தடத்தில் வரிசையாக வந்த டாங்கிகளை ட்ரோன்கள் மேலிருந்து பார்த்தன. ஹெலிகாப்டர்களும் பீரங்கிகளும் அடித்தன. டாங்கி சிறந்ததாக இருந்தும் தாக்குதல் முடங்கியது.

இன்று அங்கே நிலைமை இன்னும் கடினம். முன்னணிக் கோட்டிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் வரை பகலில் நகரும் எந்த வாகனத்தையும் ட்ரோன் பார்த்துவிடுகிறது. டாங்கிகளுக்கு மேலே இரும்புக் கூண்டு கட்டுகிறார்கள். வீரர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். இருந்தும் 2024 ஆகஸ்ட் 6 அன்று உக்ரைன் ரகசியத்தைக் காத்து, எதிரியின் ட்ரோன் அலைவரிசைகளை முடக்கி, ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் கவச வாகனங்களோடு விரைந்து நுழைந்தது. எதிரியின் கண்ணை மறைத்த நாட்களில் வேகம் மீண்டும் வேலை செய்தது. கண் திரும்பியதும் நின்றுபோனது. 2025 மார்ச்சுக்குள் பிடித்த இடத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது.

சிரியாவும் காஸாவும்

2024 நவம்பர் 27 அன்று இத்லிபிலிருந்து புறப்பட்ட சிரியக் கிளர்ச்சிப் படையினர் பிக்கப் வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் விரைந்தார்கள். ட்ரோன்களும் அவர்களிடம் இருந்தன. அலெப்போ, ஹமா, ஹிம்ஸ் என்று நகரங்கள் விழுந்து, டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸ் கைமாறியது. அஸத் அரசின் டாங்கிகள் சாலையோரம் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றின் இயந்திரம் பழுதாகவில்லை. உள்ளே உட்கார்ந்து போரிட யாருக்கும் மனம் இல்லை. மக்களை ஒடுக்கிய ஆட்சிக்காக உயிர்விட அதன் சொந்தப் படையே தயாராக இல்லை.

காஸாவில் நாம் பார்த்தது இதற்கு நேரெதிர். உலகின் மிக வலுவான பாதுகாப்பு கொண்டவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் மெர்காவா டாங்கிகள் 2023 அக்டோபர் இறுதியில் நுழைந்தன. குறுகிய தெருக்களில் அங்கே வேகத்துக்கு வேலை இல்லை. டாங்கி வீடுகளை இடிக்கும் கருவியானது. காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் 60,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெருந்தொகையினர் பெண்களும் குழந்தைகளும். ஒரு ராணுவத்தின் கவச பலத்தை மட்டும் அளப்பவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் நிலை

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியப் படை எல்லைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் உலக நாடுகளின் அழுத்தம் வந்துவிட்டது. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் ‘கோல்ட் ஸ்டார்ட்’ எனப்படும் திட்டம். கவசப்படைகள் சில நாட்களிலேயே எல்லை தாண்டிக் குறைந்த ஆழத்தில் நிலத்தைப் பிடிப்பது இதன் கருத்து. இதற்குப் பதிலாகப் பாகிஸ்தான் 2011-இல் ‘நஸ்ர்’ என்ற குறுந்தூர ஏவுகணையைச் சோதித்தது. முன்னேறி வரும் கவசப்படையின் மீது அணுகுண்டு வீசுவதே அதன் நோக்கம். தெற்காசியாவில் டாங்கியின் வேகத்துக்கு முன்னே இப்படி ஒரு சுவர் நிற்கிறது.

2025 மே 7 முதல் 10 வரை நடந்த மோதலில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஏவுகணைகள், விமானங்கள், ட்ரோன்கள் பறந்தன. எல்லைக் கிராமங்களில் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. எந்தத் தரப்பின் டாங்கி அணியும் எல்லை தாண்டவில்லை. ஆனால் அந்த இரவுகளில் நம் தொலைக்காட்சிகள் சிலவற்றைப் பார்த்தவர்களுக்குக் கராச்சியே விழுந்துவிட்டது போலத் தோன்றியிருக்கும்.

டாங்கி வேண்டாம் என்று நம் ராணுவம் முடிவெடுக்கவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2020 ஆகஸ்ட் இறுதியில் லடாக்கின் கைலாஷ் மலைமுகட்டில் நம் டாங்கிகள் ஏறி நின்றன. அவை ஒரு குண்டும் சுடவில்லை. ஆனால் அவை அங்கே நின்றது பேச்சுவார்த்தைக்கு வலுச் சேர்த்தது. ட்ரோனால் ஒரு வண்டியை எரிக்க முடியும். ஒரு நிலத்தில் நின்று, இது எங்கள் இடம் என்று சொல்ல அதனால் முடியாது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மலைப்பகுதிக்கு ஏற்ற 25 டன் எடையுள்ள ‘சொராவர்’ இலகுரக டாங்கி உருவானது. வடிவமைப்பில் ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ராணுவத் தளபதி அறிவித்த ‘ருத்ரா’ படையணிகளில் காலாட்படை, கவசப்படை, பீரங்கி, சிறப்புப் படை, ட்ரோன் எல்லாம் ஒரே தலைமையின் கீழ் வருகின்றன.

1961-இல் தொடங்கப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா முதல் டி-72, டி-90, அர்ஜுன் வரை செய்திருக்கிறது. 2021-இல் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுக்கப்பட்டது. இவ்வளவு மக்கள் பணம் செலவாகும்போது கேள்வி கேட்பது தேசவிரோதம் அல்ல. ட்ரோனை முடக்கும் கருவி அதில் இருக்கிறதா? மேலிருந்து வரும் தாக்குதலைத் தாங்குமா? கண்ணிவெடி அகற்றும் வண்டிகளும் ஆற்றைக் கடக்கும் பாலங்களும் போதுமான அளவு இருக்கின்றனவா? இவை எல்லாம் நியாயமான கேள்விகள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில்

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். டாங்கியின் காலம் முடியவில்லை. தனியாக ஓடும் டாங்கியின் காலம்தான் முடிந்தது. எதிரியின் கண்ணை மறைக்க முடிந்தால், வானத்தைக் காக்க முடிந்தால், டீசல் பின்னாலேயே வந்தால், காலாட்படை கூடவே நடந்தால், வேகப்போர் இன்றும் வெல்லும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் 1965-இல் பேட்டனுக்கு நேர்ந்ததுதான் நேரும். இன்று அது இன்னும் விரைவாக நேரும்.

லாரி ஓட்டுநர் அண்ணன் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். டி-72, டி-90 டாங்கிகளுக்குள் மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுடைய காலடியிலேயே குண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அது தீப்பிடித்தால்தான் மேற்பகுதி அப்படிப் பறக்கும். அந்தக் காணொளியில் மூன்று பேர் இருந்திருந்தால், மூன்று பேரும் அந்த நொடியில் போயிருப்பார்கள். நம் ராணுவத்திடம் மிக அதிகமாக இருப்பவை இதே வகை டாங்கிகள்தான். அதற்குள் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வேகமான கவசப்படை ஆட்சியாளர்களின் மனதில் ஓர் ஆசையை விதைக்கிறது: சில நாட்களில் முடித்துவிடலாம் என்ற ஆசை. கீவை நோக்கிப் போனவர்களும், பியாஸ் பாலத்தை நோக்கி வந்தவர்களும், ஏ-9 சாலையில் இறங்கியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். உக்ரைன் போர் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. நாட்டைக் காக்கும் படை வலுவாக இருக்கட்டும். அதற்குத் தேவையானதைக் கொடுப்பது குடிமக்களின் கடமை. ஆனால் “ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்” என்று தொலைக்காட்சியில் யாராவது கத்தும்போது, நம் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கைதட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று முதலில் கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் போர்க்கலை தெரிந்திருக்கத் தேவையில்லை. அன்று திண்ணையில் அதைக் கேட்டவர் ஒரு லாரி ஓட்டுநர்தான்.